விடுப்பில் வருபவரின் பல்: வெளியூர் நோயாளிகளுக்காகப் பல் மருத்துவமனை இணையதளம் அமைக்கும் முறை

தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வரையிலும், அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் வரையிலும் இருக்கிற பல் மருத்துவமனைகளுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் நோயாளி என்றவுடன், கோவளத்துக்கும் வர்க்கலைக்கும் வரும் ஐரோப்பியர்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறார். அவரும் வருகிறார், மாலத்தீவிலிருந்து மருத்துவத்துக்கென்றே திருவனந்தபுரம் வருபவர்களும் உண்டு. ஆனால் இணையதளம் அமைக்க என் மேசைக்கு வரும் மருத்துவமனைகளில் காத்திருப்பு நாற்காலிகளை நிரப்புபவர்கள் பெரும்பாலும் துபாயிலோ மஸ்கட்டிலோ குவைத்திலோ வேலை பார்த்து, ஆண்டுக்கு ஒருமுறை லீவில் ஊருக்கு வரும் நம்மவர்களே. இவர்கள் எல்லாருக்கும் பொதுவாக உள்ளது ஒன்றுதான்: ஒவ்வொருவர் கையிலும் திரும்பிப் போகும் டிக்கெட் இருக்கிறது. அந்த டிக்கெட்டில் உள்ள தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்துதான் இத்தகைய இணையதளத்தை அமைக்க வேண்டும் என்பதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனைக்கு நான் அமைத்த தளத்தின் முகப்பில், கட்டடத்தின் படமும், புதிதாக வாங்கிய எக்ஸ்ரே கருவியின் படமும், அவற்றுக்கு அடியில் 'இம்பிளாண்ட்: இரண்டே சிட்டிங்' என்ற வரியும் இருந்தன. அந்த வரியை எழுதியவன் நான்தான்; மருத்துவர் சொன்னதில் பாதியை விட்டுவிட்டு எழுதினேன். 12 நாள் லீவில் வந்த ஒருவர், இரண்டு சிட்டிங் என்றால் இரண்டு நாள் என்று எண்ணி, மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முன் பல் வந்துவிடும் என்ற நம்பிக்கையோடு போய் உட்கார்ந்தார். முதல் சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் இடையில், பல் வேருக்குப் பதிலாகத் தாடையில் வைக்கும் திருகை எலும்பு பிடித்துக்கொள்வதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பது நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. நிச்சயதார்த்தப் படங்கள் எல்லாவற்றிலும் அவர் வாயை மூடிக்கொண்டே நிற்கிறார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் அன்று வாங்கிய ஏச்சு, முறைப்படி எனக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டியது.

தொடங்குமுன்: வாட்ஸ்அப்பைப் படியுங்கள்

பயனரை மையமாகக் கொண்ட வடிவமைப்புக்கென்று ஐஎஸ்ஓ 9241-210 என்ற பன்னாட்டுத் தரநிலையே இருக்கிறது. பயனரையும் அவர் இருக்கும் சூழலையும் அறிதல், தேவையை வரையறுத்தல், செய்தல், சோதித்தல், திருத்துதல், மீண்டும் முதலிலிருந்து பார்த்தல் என்பதே அதன் சாரம். நம் வேலையில் முதல் படிக்குப் பெரிய ஆய்வு எதுவும் வேண்டாம். மருத்துவமனையின் வரவேற்பறைத் தொலைபேசியில் ஓராண்டாகச் சேர்ந்து கிடக்கும் வாட்ஸ்அப் உரையாடல்களே போதும். மருத்துவரின் அனுமதியோடு, பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டுக் கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இதை வரவேற்பறையில் இருப்பவரே செய்து தருவது இன்னும் நல்லது, ஏனெனில் நோயாளியின் செய்தியை வெளியாள் படிக்க வேண்டிய தேவையே அப்போது எழாது.

அந்தத் தாளைப் பார்த்தால் ஒன்று விளங்கும். மருத்துவமனை பெருமையாகக் கருதும் எதையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 'அக்கா, லீவு 20 நாள்தான், அதுக்குள்ள முடியுமா?', 'மொத்தம் எவ்வளவு ஆகும்?', 'அங்கே எடுத்த எக்ஸ்ரேயை அனுப்பினால் டாக்டர் பார்ப்பாரா?', 'திரும்பிப் போன பிறகு வலி வந்தால் என்ன செய்வது?' என்ற நான்கு கேள்விகளே வெவ்வேறு குரல்களில் திரும்பத் திரும்ப வரும். இந்த நான்குக்கும் முகப்பிலிருந்தே வழி இருக்க வேண்டும். 'எங்களைப் பற்றி', 'எங்கள் நோக்கம்' போன்ற பக்கங்கள் கடைசியில் இருந்தால் போதும்; இல்லாவிட்டாலும் குற்றமில்லை.

நாள் கணக்குப் பக்கம்

தளத்தில் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய பக்கம் இதுதான். வழக்கமான தளங்கள் சிகிச்சைகளை மருத்துவப் பிரிவு வாரியாக அடுக்குகின்றன. நோயாளிக்கு அந்தப் பிரிவுகள் எதற்கும் உதவா. ஒரே பயணத்தில் முடிபவை, இரண்டு பயணம் வேண்டுபவை, லீவில் வந்து செய்யவே கூடாதவை என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினால், தன் லீவு எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று அவரே பார்த்துக்கொள்வார்.

முதல் கட்டத்தில் பல் சுத்தம் செய்தல், சொத்தை அடைத்தல், வேர் சிகிச்சை, அதன்மேல் கேப் போடுதல், செட்டுப் பல் ஆகியவை வரும். இங்கும் ஒவ்வொன்றுக்கும் எத்தனை முறை வர வேண்டும், இரண்டு வருகைக்கு இடையே எத்தனை நாள் என்பதைத் தனித்தனியாக எழுத வேண்டும். கேப் போடுவதற்குப் பல்லை ராவி அளவெடுக்கும் நாள் ஒன்று, கேப் செய்து தரும் லேபிலிருந்து அது வந்தபின் பொருத்தும் நாள் ஒன்று. இடையில் லேபுக்கு எத்தனை நாள் ஆகும் என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். எனவே மருத்துவர் மனத்தில் நினைக்கும் கணக்கை நம்பாமல், லேபின் கடைசி 20 பில்களில் உள்ள தேதிகளைப் பார்த்து, அவற்றுள் மிகவும் தாமதமானதைத் தளத்தில் எழுதுங்கள். நோயாளி பொருத்திய பல்லோடு இரண்டு மூன்று நாளாவது சாப்பிட்டுப் பார்த்து, கடி உயரமாக இருந்தால் சரிசெய்துகொள்வதற்கும் நாள் ஒதுக்க வேண்டும். பொருத்திய அன்றிரவே விமானம் ஏறுபவர், அந்தக் கடி வலியோடு அடுத்த லீவுவரை காத்திருக்க நேரிடும்.

இரண்டாவது கட்டத்தின் முதல்வர் இம்பிளாண்ட். டைட்டேனியம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதைச் சுவீடன் நாட்டுப் பிரோனமார்க் 1950களில் கண்டறிந்து, 1965-இல் முதல் நோயாளிக்குப் பல் வேராகப் பொருத்தினார். அந்த ஒட்டுதலுக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகிறது, மென்மையான எலும்புள்ள மேல்தாடைக்குக் கீழ்த்தாடையைவிடக் கூடுதலாகவே ஆகிறது. சிலருக்கு அன்றே தற்காலிகப் பல் வைக்க முடியும் என்பது உண்மை. அது எல்லாருக்கும் முடியாது என்பதையும் அதே எழுத்தளவில் எழுத வேண்டும். இந்தப் பகுதியை நான் இப்போது இப்படி எழுதுகிறேன்: 'முதல் பயணம்: 7 முதல் 10 நாள். திருகு பொருத்தித் தையல் பிரிக்கும்வரை ஊரில் இருக்க வேண்டும். இடைவெளி: 3 முதல் 6 மாதம். இந்தக் காலத்தில் அந்த இடத்தில் நிலையான பல் இருக்காது. வேண்டுமானால் கழற்றி மாட்டும் பல் தருவோம். இரண்டாம் பயணம்: சுமார் 2 வாரம்.' நாள்களை அந்தந்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும், ஆனால் நடுவில் உள்ள வரியை எந்த மருத்துவர் சொன்னாலும் நீக்காதீர்கள். 'நிலையான பல் இருக்காது' என்ற மூன்று சொல் என் பழைய தளத்தில் இருந்திருந்தால், அந்த மனிதர் லீவைத் தள்ளிப்போட்டிருப்பார், அல்லது கழற்றி மாட்டும் பல்லைக் கேட்டு வாங்கியிருப்பார்.

மூன்றாவது கட்டத்தில் கம்பி போடுதலை வைக்கலாம். ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுவரை, மாதத்துக்கொரு முறையாவது முறுக்க வேண்டிய கம்பியை, ஆண்டுக்கு ஒருமுறை வருபவருக்குப் போடுவதில் பொருளில்லை. 'இதை இங்கே செய்துகொள்ள வேண்டாம்' என்று ஒரு மருத்துவமனை தன் தளத்திலேயே எழுதுவதற்கு உரிமையாளர்கள் முதலில் தயங்குவார்கள். எழுதிவிட்டால், மற்ற இரண்டு கட்டங்களில் எழுதியதை நோயாளி நம்புவதற்கு அதைவிட வலுவான காரணம் வேறில்லை.

கடைவாய்ப் பல் பிடுங்குவதைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். பிடுங்கிய இடத்தில் உறைந்த இரத்தம் கழன்று எலும்பு வெளியே தெரியும் கடும் வலி, பெரும்பாலும் முதல் சில நாள்களில்தான் வரும். எனவே லீவின் கடைசி வாரத்தில் பிடுங்காமல் முதல் வாரத்திலேயே பிடுங்கிக்கொள்ளுமாறு தளமே சொல்ல வேண்டும். லீவின் முதல் வாரம் சொந்தபந்தம் பார்ப்பதற்கு, பல் கடைசி வாரத்துக்கு என்ற நம் ஊர் வழக்கத்துக்கு இது நேர்மாறானது என்பதால், இதைச் சற்றுப் பெரிய எழுத்தில் போடலாம்.

செலவு

தொலைபேசியில் சொல்வோம், நேரில் வாருங்கள் என்பவை விலையாகா. கேப் ஒன்றுக்கு உலோகம் கலந்த பீங்கான் என்றால் எவ்வளவு, சிர்கோனியா என்றால் எவ்வளவு என்று ரூபாயில், குறைந்தது முதல் கூடியது வரை எழுதுங்கள். அந்தத் தொகையில் எக்ஸ்ரே, தற்காலிகப் பல், மருந்து ஆகியவை அடங்குமா என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். இம்பிளாண்டுக்குத் திருகின் விலையை மட்டும் போட்டு, மேலே வரும் பல்லின் விலையை மறைப்பது இத்தொழிலில் பரவலாக உள்ள வழக்கம். நோயாளி முதலில் வலைவிரிப்பாகக் கருதுவதும் அதைத்தான். திர்ஹமிலோ ரியாலிலோ மாற்றிக்காட்டும் கருவி அழகாகத்தான் இருக்கும், ஆனால் மாற்று விகிதம் தினமும் மாறுவதால் வீண் வாக்குவாதத்துக்கு அது வழிவகுக்கும். ரூபாயே போதும், வளைகுடாவில் இருப்பவருக்கு அன்றன்றைய விகிதம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

எக்ஸ்ரே அனுப்பும் படிவம்

பயணத்துக்கு முன் மருத்துவர் ஒரு கருத்துச் சொல்ல வேண்டுமானால் அவருக்கு ஓபிஜி என்னும் முழுத்தாடை எக்ஸ்ரே தேவை. அதை அனுப்பச் சொன்னால், பலரும் பிலிமை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, விரலும் சுவரும் தெரியப் படமெடுத்து அனுப்புவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எப்படி அனுப்புவது என்று நாம் சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுத்த இடத்தில் கோப்பாகக் கேட்டு வாங்கவும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பவும் வழிகாட்ட வேண்டும். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், மருத்துவர் தேடும் மெல்லிய கோடு அதில் காணாமல் போகும்.

எந்தப் பல் என்று கேட்கும் இடத்தில் எண்ணைக் கேட்கக் கூடாது. நம் மருத்துவர் 36 என்று எழுதும் கீழ் இடது முதல் கடைவாய்ப் பல், அமெரிக்க முறையில் 19. நோயாளிக்கு இரண்டும் தெரியாது. வாயின் படம் ஒன்றை வரைந்து, தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் 'உங்கள் இடக்கைப் பக்கம்', 'உங்கள் வலக்கைப் பக்கம்' என்று எழுதியிருக்க வேண்டும், ஏனெனில் கண்ணாடியில் பார்ப்பவருக்கும் எதிரே நின்று பார்க்கும் மருத்துவருக்கும் இடதும் வலதும் ஒன்றல்ல. எக்ஸ்ரேயிலும் நோயாளியின் இடப்பக்கம் பார்ப்பவரின் வலப்பக்கத்தில்தான் தெரியும்.

அடுத்து, சர்க்கரை நோய் உண்டா, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறீர்களா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, கர்ப்பமா, புகைப்பழக்கம் உண்டா என்ற கேள்விகள் வர வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஏன் கேட்கிறோம் என்று ஒரு வரி எழுதினால் உண்மையான விடை வரும். 'இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள்' என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்க வேண்டும். பல் பிடுங்கப் போவதால் நிறுத்தினேன் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவல்லர்.

இவையெல்லாம் உடல்நலத் தகவல்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காக வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதலைத் திரும்பப் பெறவும் வழி வைக்க வேண்டும். சிகிச்சைக்கு வராமலே போனவரின் எக்ஸ்ரேயை எத்தனை மாதத்தில் அழிப்போம் என்று எழுதிவைத்து, அதன்படி அழியுங்கள். ஆதார் எண்ணையும் பாஸ்போர்ட் நகலையும் முதல் படிவத்திலேயே கேட்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

மொழி

1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து, அன்று சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டோடு இணைந்தது. குடும்பங்கள் இன்றும் எல்லையின் இரு பக்கமும் இருக்கின்றன. எனவே தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் தளத்தில் வேண்டும். கொடிப் படத்தை வைத்து மொழி மாற்றும் பொத்தான் செய்யாதீர்கள். மொழியின் பெயரை அந்தந்த மொழியின் எழுத்திலேயே எழுதுங்கள். இருப்பிடத்தைக் கண்டறிந்து மொழியைத் தானாக மாற்றுவதும் வேண்டாம், துபாயில் இருப்பவருக்கு அரபுப் பக்கம் திறந்தால் அவர் மூடிவிட்டுப் போய்விடுவார்.

மலையாளமும் தமிழும் பக்கத்துப் பக்கத்து மொழிகள் என்பதால் ஒன்றை மற்றொன்றாக எழுத்துமாற்றினால் போதும் என்று எண்ணுபவர்கள் உண்டு. ஒருமுறை மலையாளப் பக்கத்திலிருந்து அவசரமாக மாற்றிய தமிழ்ப் பக்கம் ஒன்று திருத்தத்துக்கு என்னிடம் வந்தது. அதில் வேலை நேரத்துக்குக் கீழே 'ஞாயிறு அவதி' என்று இருந்தது. மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை. பல் மருத்துவமனையின் வாசலில் தமிழர் அதை எப்படிப் படிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு மொழிக்கும் அதைப் பேசி வளர்ந்த ஒருவர் எழுத வேண்டும், அல்லது படித்துப் பார்த்தாவது ஒப்ப வேண்டும்.

மக்கள் சொல்லும் சொல்லைத் தலைப்பில் வையுங்கள். மருத்துவச் சொல் அடுத்த வரியில் வரட்டும். தமிழில் சொத்தைப் பல் என்று தேடுபவருக்கும், மலையாளத்தில் புழுப்பல்லு என்று தேடுபவருக்கும் பக்கம் கிடைக்க வேண்டும். ஒருமையை முடிந்தவரை தவிர்த்து 'நீங்கள்' என்று மரியாதையாக அழைத்து எழுதுவது மூத்தவர்களுக்கும் பொருந்தும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், ஆங்கிலத்துக்கு அளந்து செய்த பொத்தானுக்குள் 'முன்பதிவு செய்ய' என்பது இரண்டாக உடையும். தமிழை வைத்தே பொத்தானை அளவிடுங்கள். எழுத்து 17 அல்லது 18 பிக்சலுக்குக் குறையாமலும், வரி இடைவெளி எழுத்தளவைப்போல் 1.6 மடங்குக்குக் குறையாமலும் இருந்தால் மேற்சுழியும் கீழ்க்கொம்பும் மோதிக்கொள்ளா.

வேகம், தொடர்பு, வழி

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பக்கத்தின் முதன்மைப் பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்த அளவுகோல். முகப்பில் ஓடும் வீடியோவை எடுத்துவிட்டாலே பாதி வேலை முடியும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது. வெள்ளையில் வெளிர்நீலம் பல் மருத்துவர்களுக்குப் பிடித்த சேர்க்கை, கண் மங்கியவருக்கு அது வெறுந்தாள்.

தொலைபேசி எண்ணை +91 சேர்த்துத் தொட்டால் அழைக்கும்படி எழுதுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், ஆனால் அதன்வழிக் குரலழைப்பும் வீடியோ அழைப்பும் நெடுங்காலமாகத் தடைப்பட்டவை. எனவே 'வாட்ஸ்அப்பில் டாக்டருடன் பேசுங்கள்' என்ற பொத்தானை மட்டும் நம்பாமல் ஜூமோ கூகுள் மீட்டோ சேர்த்து வையுங்கள். நேரம் குறிக்கும்போது இந்திய நேரத்தோடு அங்குள்ள நேரத்தையும் காட்டுங்கள்: துபாயும் மஸ்கட்டும் நமக்கு ஒன்றரை மணி பின்னே, குவைத்தும் ரியாத்தும் இரண்டரை மணி பின்னே, மாலே அரை மணி பின்னே.

வருபவர் இறங்குவது பெரும்பாலும் திருவனந்தபுரத்தில். அங்கிருந்து மார்த்தாண்டத்துக்கோ நாகர்கோவிலுக்கோ தேசிய நெடுஞ்சாலை 66 வழியாக வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் காலை, மாலை நெரிசலையும் சேர்த்து எழுதுங்கள். வரைபடச் செயலி நள்ளிரவில் காட்டும் நேரத்தை எழுதாதீர்கள். கேரளத்தில் ஹர்த்தால் (முழு அடைப்பு) என்றால் விமான நிலையத்திலிருந்து வண்டி கிடைப்பதும் கடினமாகலாம், ஆகையால் அன்று முன்பதிவை எப்படி மாற்றுவது என்பதற்கும் ஒரு வரி வேண்டும். ஓணத்துக்குக் குமரியிலும் விடுமுறை உண்டு, பொங்கலுக்கு லேப் மூடியிருக்கும். இரு மாநில நாள்காட்டியையும் பார்த்து மூடும் நாள்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். இந்தியக் குடியுரிமை இல்லாதவருக்கு மருத்துவ இ-விசா உண்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை உள்ளவருக்கு விசா வேண்டாம் என்பதோடு நிறுத்தி, விதிகளுக்கு அரசின் விசா தளத்துக்கு இணைப்புக் கொடுங்கள். விதி மாறும்போது நம் பக்கம் பழையதாகிவிடும்.

மருத்துவரின் பெயரோடு பட்டமும் மாநிலப் பல் மருத்துவக் குழுவின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். சிகிச்சைக்கு முன், பின் என்று முகப்படங்களைப் போடுவதற்கு முன் நோயாளியின் எழுத்துவழி ஒப்புதலையும், பல் மருத்துவர்களுக்கான 2014-ஆம் ஆண்டு நெறிமுறை விளம்பரத்துக்கு விதிக்கும் வரம்பையும் மருத்துவரோடு உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். வலியே இல்லை, நூற்றுக்கு நூறு வெற்றி போன்ற வரிகளை மருத்துவரே கேட்டாலும் எழுதாதீர்கள்.

திரும்பிப் போனவருக்கான பக்கம்

பெரும்பாலான தளங்களில் இந்தப் பக்கமே இருப்பதில்லை. வீக்கம் எத்தனை நாளில் வடியும், எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் அங்குள்ள மருத்துவரிடம் போக வேண்டும், கேப் கழன்று விழுந்தால் அதை என்ன செய்வது என்பவற்றை எளிய தமிழில் எழுதுங்கள். மூச்சுவிடவோ விழுங்கவோ கடினமாக இருந்தால் நமக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்காமல் உடனே அங்குள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது பக்கத்தின் முதல் வரியாக இருக்கட்டும்.

இதோடு, ஒவ்வொருவருக்கும் புறப்படும்போது ஒரு கோப்பு தரும் வழக்கத்தை மருத்துவமனை ஏற்கும்படி செய்ய வேண்டும்: செய்த சிகிச்சையின் சுருக்கம் ஆங்கிலத்தில், கடைசி எக்ஸ்ரே, இம்பிளாண்ட் என்றால் அதன் நிறுவனம், அளவு, பெட்டியில் ஒட்டியிருக்கும் தொகுதி எண். குவைத்தில் இருக்கும் வேறொரு பல் மருத்துவர் அந்தத் திருகைத் தொட வேண்டி வந்தால், எந்தச் சாவி அதற்குப் பொருந்தும் என்பதை அந்த ஒட்டுச்சீட்டுத்தான் சொல்லும். தளத்தில் அந்தக் கோப்பின் மாதிரி ஒன்றைக் காட்டினால், வருவதற்கு முன்பே நோயாளி அதைக் கேட்டு வாங்கக் கற்றுக்கொள்வார்.

சோதனை

தளம் முடிந்தபின் அதை மருத்துவரிடம் காட்டிப் பாராட்டு வாங்குவது சோதனையாகாது. லீவில் வந்திருக்கும் ஐந்தாறு பேரைத் தனித்தனியே உட்காரவைத்து, அவர்கள் கையிலுள்ள அவர்களுடைய போனையே திறக்கச் சொல்லி, 'உங்களுக்கு 15 நாள் லீவு, கீழே ஒரு பல் இல்லை, என்ன செய்துகொள்ள முடியும் என்று இதில் கண்டுபிடியுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் எங்கே தயங்குகிறது, எங்கே பின்னோக்கிப் போகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்ற முறை ஐவரில் மூவர் நாள் கணக்குப் பக்கத்துக்குப் போகும் பட்டையைத் தாண்டிப் போய்விட்டார்கள்; மஞ்சள் நிறத்தில் இருந்ததால் விளம்பரம் என்று எண்ணிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். நிறத்தை எடுத்துவிட்டு, 'எத்தனை நாள் லீவு?' என்ற கேள்வியையே சாதாரணக் கறுப்பு எழுத்தில் வைத்தேன், அதன்பின் யாரும் தாண்டவில்லை. இந்தத் திருத்தங்களை ஏப்ரலுக்குள் முடித்துவிடுவது நல்லது. வளைகுடாவில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் வருகிறது. குடும்பத்தோடு வருபவர்கள் டிக்கெட் எடுக்குமுன் தளத்தைப் பார்க்கும் மாதங்கள் அதற்கு முந்தியவை.